இளைத்த உடம்பில் மிஞ்சும் தோல்

முப்பது, நாற்பது கிலோ இறக்கியவரின் ரிப்போர்ட்டைப் பார்த்தால் சர்க்கரை குறைந்திருக்கும், பிரஷர் மாத்திரை பாதியாகியிருக்கும், முழங்கால் வலியும் போயிருக்கும். அவர் டாக்டரிடம் முதலில் கேட்பது மட்டும் வேறாக இருக்கும். அடிவயிற்றில் மடிந்து தொங்கும் இந்தத் தோலை என்ன செய்வது? கையைத் தூக்கினால் புஜத்தின் அடியில் ஆடுகிறதே, இது எப்போது உள்ளே போகும்? ஒரு காலத்தில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் அதிகமும் இதைக் கேட்டார்கள். 2025 மார்ச்சில் டிர்செபடைட் ஊசியும் அதே ஆண்டு ஜூனில் எடை குறைப்புக்கான செமாகுளுடைட் ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்தபின், கத்தியே படாமல் இருபது கிலோ இழந்தவர்களும் அதே கேள்வியோடு வருகிறார்கள்.

கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை விற்பனைக்கு வந்தவை. கிரீம், கொலாஜன் பவுடர், இறுக்கும் பெல்ட், பத்து சிட்டிங் பேக்கேஜ் என்று வரிசை நீளும். எதிலும் பணத்தைப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் உடம்பில் தொங்குவது எது என்பதுதான். தோலா, அதனடியில் மிஞ்சிய கொழுப்பா, விலகிப்போன தசையா என்பதைப் பொறுத்து வைத்தியம் முற்றிலும் மாறிவிடும்.

தோல் ஏன் கூடவே சுருங்குவதில்லை

தோலின் மேல்படலத்துக்கு அடியில் இருக்கும் உள்தோல்தான் அதன் பலம். தண்ணீரை நீக்கிவிட்டு எடை போட்டால் அதில் சுமார் 70 முதல் 80 சதவீதம் கொலாஜன் என்ற நார்ப்புரதம். இது கிழியாமல் தாங்குவதற்கு. இழுத்து விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் வேலையைச் செய்யும் எலாஸ்டின் அதில் 2 முதல் 4 சதவீதம்தான். கொலாஜனை உடம்பு வாழ்நாள் முழுக்க உற்பத்தி செய்துகொண்டிருக்கும். எலாஸ்டின் அப்படியில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவானதை வைத்துத்தான் மீதி வாழ்க்கையை ஓட்டுகிறோம். பெரியவர்களிடம் புதிதாக உருவாகும் கொஞ்சமும் பழைய ஒழுங்கில் பின்னிக்கொள்வதில்லை. வயிற்றிலும் தொடையிலும் தெரியும் வெள்ளை வரிகள், அந்தப் பின்னல் உள்ளுக்குள் அறுந்துபோன இடங்கள். அவை அதிகமாக இருக்கும் பகுதியில் தோல் தானாகச் சுருங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஊதி காற்று இறக்கிய பலூன் மாதிரி என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பலூன் வெறுமனே விரிகிறது. தோலோ இழுபடும்போது வளரவும் செய்கிறது. இழுவை மாதக்கணக்கில் நீடித்தால் செல்கள் பெருகி, பரப்பளவே கூடிவிடும். பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதையே ஒரு உத்தியாகப் பயன்படுத்துகிறார்கள். தோலுக்கடியில் சிலிக்கான் பையை வைத்து வாரந்தோறும் உப்புநீர் ஏற்றி, கூடுதலாக வளர்ந்த தோலை எடுத்துத் தீக்காயத் தழும்பை மூடுவார்கள். 1957-இல் சார்லஸ் நியூமேன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு காதைச் சீரமைக்க இப்படி ரப்பர் பலூனை வைத்ததுதான் இதன் தொடக்கம். பத்து வருடம் பெரிய வயிற்றோடு இருந்தவருக்கும் நடந்திருப்பது அதுவே. அவரிடம் இருக்கும் உபரித் தோலில் ஒரு பகுதி விரிந்தது, இன்னொரு பகுதி புதிதாக வளர்ந்தது. விரிந்தது ஓரளவு சுருங்கலாம். வளர்ந்ததை எந்தப் பயிற்சியும் கிரீமும் குறைக்காது.

யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தார், எத்தனை கிலோ இழந்தார், புகைப்பழக்கம், வெயிலில் வேலை, பிரசவங்கள், குடும்பவாகு ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். இருபத்தைந்து வயதில் 15 கிலோ இறக்கியவருக்குப் பெரும்பாலும் பிரச்சினையே வராது. ஐம்பது வயதில் 50 கிலோ இறக்கியவருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெதுவாகக் குறைத்தால் தோல் தொங்காது என்ற அறிவுரையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் தோலை விடத் தசைக்குத்தான் லாபம் அதிகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

எடை நிலைத்தபின் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். முகம், முதுகு, மார்பின் மேற்பகுதி ஓரளவு நன்றாகவே தேறும். அடிவயிறு, உள்தொடை, புஜத்தின் அடி, பெண்களின் மார்பகம் ஆகியவைதான் கடைசிவரை பிடிவாதம் பிடிப்பவை.

எது தொங்குகிறது என்று பார்ப்பது

கண்ணாடி முன் நின்று, தொங்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். புறங்கைத் தோலைப் பிடித்தால் எப்படி மெல்லிசாக வருமோ அதற்குக் கிட்டத்தில் இருந்தால் அது பெரும்பாலும் தோல்தான். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமாக, மெத்தென்று பிடிபட்டால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. எடை இன்னும் இறங்கினால் அதுவும் இறங்கும். அந்தக் கட்டத்தில் தோலுக்கு வைத்தியம் தேடுவது அவசரம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

மூன்றாவது ஆள் தசை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கும் மேலாகப் பள்ளமோ, கூரை முகடு போல ஒரு புடைப்போ தெரிகிறதா? அப்படியானால் வயிற்றின் இரு நேர்தசைகளும் விலகியிருக்கின்றன. பிரசவித்த பெண்களுக்கு மட்டுமல்ல, பெரிய தொப்பை இருந்த ஆண்களுக்கும் இது வரும். இதைத் தோல் என்று நினைத்து வயிற்றுக்குக் கிரீம் தடவுகிறவர்கள் உண்டு. தொப்புளிலோ பழைய ஆபரேஷன் தழும்பிலோ இருமும்போது உருண்டையாக எதுவும் வெளியே வந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதை முதலில் சர்ஜனிடம் காட்டிவிட வேண்டும். அதற்கு முன் வயிற்றுப் பயிற்சியும் வேண்டாம், இறுக்கும் பெல்ட்டும் வேண்டாம்.

மடிப்புக்குள் நடப்பது

அழகைப் பற்றிய கவலையில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான். தொங்கும் வயிற்றுக்கு அடியில் தோலும் தோலும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று போகாது, வியர்வை காயாது, நடக்கும்போது உராயும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் வருடத்தில் முக்கால்வாசி நாள் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். ஊறிய தோலில் முதலில் சிவப்பும் எரிச்சலும் வரும், பிறகு கிருமி குடியேறும்.

எந்தக் கிருமி என்பது முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு. மடிப்பின் ஆழத்தில் பளபளப்பான சிவப்பு, அதைச் சுற்றி ஓரத்தில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகளோ சீழ்ப்புள்ளிகளோ சிதறியிருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட். ஓரம் மேடாக, செதில் விட்டு, வளையமாகப் பரவி, நடுப்பகுதி தெளிந்திருந்தால் படர்தாமரை. பழுப்பு நிறத்தில் மெல்லிய செதிலோடு, அரிப்பு அதிகமில்லாமல் மாதக்கணக்கில் இருந்தால் ஒருவகை பாக்டீரியாவாக இருக்கலாம். தோல் டாக்டர் தன்னிடமுள்ள ஊதா விளக்கை அடித்தால் அது பவழச் சிவப்பாக ஒளிரும். பூஞ்சைக் கிரீமை மட்டும் நம்பி அதை விட்டுவைக்கக் கூடாது.

ஆரம்பநிலை ஈஸ்டுக்கு ஒரு சதவீத குளோட்ரிமசோல் கிரீமைக் காலையும் இரவும், சுத்தமாகக் காய்ந்த தோலில் மெல்லிசாக, இரண்டு முதல் நான்கு வாரம் தடவலாம். நான்காம் நாள் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் திரும்பத் திரும்ப வருவதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் கூட்டுக் கிரீம்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் அடைத்தவை அவை. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அமுக்கிவிடும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். மூடிய மடிப்பில் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாக ஊறும். தோல் மெலிந்து புதிய வரிகள் விழும். ஏற்கெனவே வலுவிழந்த தோலுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேண்டாம். டியூபின் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். இந்தியாவில் இன்று காணும் படர்தாமரையில் ஒரு வகை டெர்பினாஃபைன் மருந்துக்கே அடங்காமல் இருக்கிறது. நீண்ட நாள் தொல்லை என்றால் சுரண்டிச் சோதித்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையை ஒருமுறை பாருங்கள். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் பிறப்புறுப்புப் பகுதியில் ஈஸ்ட் பெருக இடம் கொடுக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

தினசரிப் பராமரிப்பு எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். குளித்தபின் மடிப்பைத் தூக்கி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஒரு நிமிடம் காட்டினால் போதும். சூடான காற்று வேண்டாம், அந்தப் பகுதியில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சுட்டது தெரியாது. ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் பழைய மல் துணியை இரண்டு மடிப்பாக, ஓரம் கொஞ்சம் வெளியே தெரியும்படி மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றலாம். அந்த வெளியோரம் வழியாகத்தான் ஈரம் ஆவியாகும். முழுதும் உள்ளே திணித்துவிட்டால் ஈரத்துணியைக் கட்டிக்கொண்ட கதைதான். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து உருண்டையாகி மணல் போல உராயும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்த் தேய்ப்பு மற்ற இடங்களுக்கு, மடிப்புக்குள் வேண்டாம்.

உடையிலும் கவனம் வேண்டும். உள்பாவாடை நாடா சரியாக மடிப்பின் கோட்டில் இறுகினால் அங்கே தோல் கறுத்து, தடித்து, சில சமயம் புண்ணாகும். நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டியோ, எலாஸ்டிக் வைத்த ஷேப்வேர் பாவாடையோ நல்லது. கட்டுமிடத்தையும் அவ்வப்போது ஏற்றி இறக்க வேண்டும். உள்தொடை உராய்வுக்குப் புடவைக்கோ வேட்டிக்கோ அடியில் தொடை வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுவது எந்தக் கிரீமையும் விட நன்றாக வேலை செய்யும்.

சிவப்பு வேகமாகப் பரவி, தொட்டால் சூடாக, வலியோடு, காய்ச்சலும் வந்தால் அது மடிப்புப் புண் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தசையால் எவ்வளவு நிரப்பலாம்

வேகமாக இளைக்கும்போது இழக்கும் எடையில் நாலில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். அதில் தசையும் அடக்கம். உள்ளே நிரப்பியிருந்த கொழுப்பு, தசை இரண்டும் குறைந்துவிடுவதால் தோல் இன்னும் தளர்வாகத் தெரியும். பசியே எடுக்காத ஊசி மருந்தில் இருப்பவர்களும், பட்டினி டயட்காரர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

எடை குறையும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்குக் குறைந்தது 1.2 கிராம் புரதம் என்பது நடைமுறைக் கணக்கு. 75 கிலோ இருப்பவருக்கு 90 கிராம். நம் சாப்பாட்டில் இது தானாக வராது. ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுதான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று கணக்கில் சேர்ப்பவர்கள், ஒரு கரண்டி சாம்பாரில் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று கிராம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். காலையில் மூன்று இட்லியோடு இரண்டு முட்டை 18 கிராம். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. மதியம் சமைத்த கோழியோ மீனோ 100 கிராம் என்றால் 25 அளவு. 200 கிராம் தயிர் 6 அல்லது 7. இரவில் 100 கிராம் பனீர் 18. இப்படி அடுக்கினால்தான் 80-ஐத் தொடும், மீதியைப் பருப்பும் சாதமும் கொடுக்கும். சைவக்காரர்களுக்கு உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 25 கிராம் இருக்கிறது. விலைக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, தோலுக்கடியில் எதையும் நிரப்பாது. எடை தூக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். ஒவ்வொரு பெரிய தசைத்தொகுதிக்கும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமப்பட வேண்டும். சிரமமே இல்லையென்றால் எடை போதவில்லை. பலரும் ஆறு மாதமாக அதே இரண்டு கிலோ டம்பெல்லோடு நின்றுவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். புஜத்தின் பின்புறம், தோள், பிட்டம், முன்தொடை ஆகிய இடங்களில் நான்கைந்து மாதத்தில் வித்தியாசம் தெரியும். அடிவயிற்றுத் தோலும் மார்பகமும் இதற்கு மசியாது. அங்கே நிரப்பிக் காட்ட அடியில் அப்படிப் பருக்கும் தசை கிடையாது. ஆயிரம் சிட்-அப் எடுத்தாலும் மடிப்பு மடிப்பாகவே இருக்கும்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னம் ஒட்டிப்போனதும் “என்ன, சுகர் வந்துடுச்சா?” என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்வியின் எரிச்சலில் கன்னத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. எடை நிலைத்து ஆறு மாதம் பொறுத்தால் முகம் கொஞ்சம் தானே தேறும். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் வீணாகும் இடங்கள்

‘ஃபர்மிங்’ என்று அச்சிட்ட கிரீம்கள் மேல்படலத்தில் ஈரம் சேர்க்கும், அவ்வளவுதான். முட்டை வெள்ளைக்கருப் பூச்சு காய்ந்ததும் இறுகுவது அந்தப் படலம்தான், கழுவினால் போய்விடும். காபித்தூள், வெந்தயம், பிளாஸ்டிக் சுற்று எல்லாம் அதே ரகம். டிரெட்டினாயின் கிரீம் வெயிலில் முதிர்ந்த முகத்தில் நுண்சுருக்கத்தைக் குறைக்கும் என்பது உறுதியானது. தொங்கும் வயிற்றைத் தூக்காது. மடிப்புக்குள் தடவினால் வெந்துபோகும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். கொலாஜன் பவுடர் வயிற்றில் மற்ற புரதம் போலவே துண்டுகளாகச் செரிக்கிறது. தோலின் ஈரப்பதத்தில் சிறு முன்னேற்றம் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கலாம், ஆனால் உபரித் தோலை அது சுருக்கியதாக எதுவும் இல்லை. அந்த விலைக்கு முட்டை வாங்கலாம்.

கிளினிக்குகளில் இருக்கும் ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் கருவிகளை அதே தட்டில் வைக்க முடியாது. அவை உள்தோலைச் சூடாக்கி கொலாஜனைச் சுருங்க வைக்கின்றன. முகத்துக்கான குவிந்த அல்ட்ராசவுண்ட் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் சிறு புள்ளிகளாகத் திசுவை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றும். தாடைக்கோடு, கழுத்து, குழந்தை பெற்றபின் தொப்புளைச் சுற்றி வரும் லேசான சுருக்கம் போன்றவற்றில் மிதமான பலன் உண்டு. கையால் அள்ளிப் பிடிக்கும் அளவுக்குத் தொங்கினால் இவற்றுக்கு அது அப்பாற்பட்ட வேலை. கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சையும் அதை உறிஞ்சியெடுக்கும் லைபோசக்‌ஷனும் தனியாகச் செய்தால் நிலைமை மோசமாகும். உள்ளிருக்கும் நிரப்பையும் எடுத்துவிட்டால் தோல் இன்னும் தொங்கத்தானே செய்யும்?

கத்திக்குப் போவதென்றால்

கையில் அள்ளும் அளவு உபரித் தோலை அகற்ற அறுவை ஒன்றுதான் வழி. 1899-இல் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி தொங்கும் வயிற்றை வெட்டியெடுத்ததைப் பதிவு செய்தார். 1967-இல் பிரேசிலின் இவோ பிடாங்கி அடிவயிற்றில் உள்ளாடைக்குள் மறையும் தழும்போடு செய்யும் முறையை நிலைநாட்டினார். 1991-இல் அமெரிக்காவின் டெட் லாக்வுட், தோலை இழுத்துத் தைத்தால் தழும்பு விரிகிறது, அடியில் இருக்கும் உறுதியான சவ்வைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று காட்டினார். இன்றைய உடல் முழுக்கச் செய்யும் தூக்கும் ஆபரேஷன்கள் அந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

வயிற்றில் இரண்டு வேறு ஆபரேஷன்கள் இருக்கின்றன. விலையும் பலனும் வேறு. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டியெடுப்பது ஒன்று. இதில் மேல்வயிறும் தசையும் அப்படியே இருக்கும். ‘டம்மி டக்’ என்று சொல்வது மற்றொன்று. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறி, தோலை விலா வரை பிரித்து, விலகிய தசைகளைத் தைத்து நெருக்கி, தொப்புளுக்குப் புதிய துளை போட்டு, உபரியை அகற்றுவார்கள். மேல்வயிற்றிலும் குறுக்குவாட்டில் தளர்வு இருந்தால் நடுவில் நெடுக்காக இன்னொரு தழும்பும் வரும். முதுகுவரை சுற்றித் தொங்கினால் இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக. கைக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கத் தழும்பு. அரைக்கை ரவிக்கையில் அது தெரியும். தோல் போகும் இடத்தில் கோடு வரும் என்ற இந்தப் பண்டமாற்றை முழுதாக ஏற்றுக்கொள்ளாதவர்கள் ஆபரேஷனுக்குத் தயாராகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். சர்ஜனிடம் தழும்பை உங்கள் உடம்பிலேயே பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

எப்போது செய்வது என்பதில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள். இரைப்பை ஆபரேஷன் செய்திருந்தால் 12 முதல் 18 மாதம் கழித்து, எடை குறைந்தது மூன்று முதல் ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்றபிறகு. அதற்கு முன் செய்து, இன்னும் பத்து கிலோ இறங்கினால் மறுபடி தொங்கும். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 30-க்குக் கீழே வந்தால் சிக்கல்கள் குறைவு. குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்கள் அது முடிந்தபின் வயிற்றைச் செய்வது நல்லது. அதற்கு முன் செய்தால் கர்ப்பத்துக்கு ஆபத்தில்லை, தைத்த தசையும் தோலும்தான் மறுபடி விரியும்.

முன்பரிசோதனையில் ஹீமோகுளோபின், இரும்பு, ஆல்புமின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்ட, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு ரத்தசோகை மிகச் சாதாரணம். புரதம் போதாத உடம்பில் தையல் பிரியும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, மெல்லும் புகையிலையும் நிக்கோடின் கம்மும்கூட முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் கூடாது. நிக்கோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலின் ஓரத்துக்கு ரத்தம் போகாமல் கறுத்து அழுகும். டாக்டரிடம் மறைத்தால் காயம் காட்டிக்கொடுத்துவிடும். எடை குறைப்பு ஊசியில் இருப்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கடைசி ஊசியின் தேதியைச் சொல்லியாக வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தும் உள்ளே உணவு மிஞ்சியிருந்து மயக்கத்தின்போது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

ஆபரேஷனுக்குப் பின் தோலுக்கடியில் நீர் சேர்வது அடிக்கடி வரும் தொல்லை. அந்த நீரை வெளியே வடிக்கத்தான் டிரெயின் குழாய். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுத்துவிடுவார்கள், அதனால் அளவை எழுதி வையுங்கள். நெடுக்கும் குறுக்குமான தழும்புகள் சந்திக்கும் முனையில் இழுவை அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. தையல் பிரிந்தால் அங்கேதான் பிரியும். பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். பயப்பட வேண்டியது காலில் ரத்தம் உறைவது. அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பதும் ரத்தம் உறையாத ஊசி போடுவதும் அதற்காக. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, அது ராத்திரி இரண்டு மணியானாலும் காத்திருக்கக் கூடாது.

முதல் வாரம் இடுப்பை நிமிர்த்த முடியாது. கூனித்தான் நடக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். இறுக்கமான பெல்ட் நான்கு முதல் ஆறு வாரம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது. வீட்டில் யார் தூக்குவார்கள் என்பதைத் தேதி குறிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போனது பல மாதம் இருக்கும், கொஞ்சம் நிரந்தரமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தோலைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு, கவனம்.

நம் தோல் நிறத்துக்கு தழும்பு தடித்துப்போவதும் கறுப்பதும் அதிகம். காயம் முழுதாக மூடியதும் சிலிக்கான் ஷீட்டையோ ஜெல்லையோ மூன்று மாதமாவது பயன்படுத்த வேண்டும். ஷீட் என்றால் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல். காது குத்திய இடத்திலோ அம்மைத்தழும்பிலோ கேலாய்டு (அளவு மீறிப் புடைத்து வளரும் தழும்பு) வந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தழும்பு மங்க ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். பெரிய எடை இழப்புக்குப் பின் இருக்கும் தோல் உள்ளுக்குள் நலிந்தது என்பதால், இறுக்கித் தைத்தாலும் முதல் வருடத்தில் கொஞ்சம் தளரும். சிறு திருத்த ஆபரேஷன் தேவைப்படுவது புதிதல்ல. அதற்குத் தனிக் கட்டணமா என்று எஸ்டிமேட்டிலேயே கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்து, அறை, பெல்ட் ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும்.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி என்ற உயர்பட்டம் முடித்தவரா என்று பாருங்கள். அழகு கிளினிக் என்ற பலகை அதற்கு ஈடாகாது. வயிறு, கை, தொடை, மார்பு அனைத்தையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரை விட்டு விலகுவது நல்லது. மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடக் கூட ரத்தம் உறைவதும் தொற்றும் கூடும். மூன்று மாதமாவது இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாகத்தான் செய்வார்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. தீக்காயம், விபத்து கேஸ்களுக்கே அங்கே முன்னுரிமை என்பதால் பொறுமை வேண்டும்.

இன்சூரன்ஸில் இடம் இருக்கிறதா

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குப் பட்டியலில் எட்டாவதாக அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி வருகிறது. அதனால் ஏஜென்டிடம் கேட்டால் கிடைக்காது என்றுதான் சொல்வார். அந்த விலக்கிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், காப்பீடு செய்தவரின் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சையும் விலக்கில் சேராது. அந்தத் தேவையைச் சிகிச்சை தரும் டாக்டர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். டம்மி டக் என்று எழுதி அனுப்பினால் நிராகரிப்பு நிச்சயம். அடிவயிற்று மடிப்பில் திரும்பத் திரும்பத் தொற்று, புண், நடக்கச் சிரமம் இருந்து, மடிப்பை மட்டும் அகற்றும் ஆபரேஷன் என்றால் வாதிட இடமுண்டு. வாதத்துக்குத் தேவையானது காகிதம். தோல் டாக்டரின் ஒவ்வொரு சீட்டும், வாங்கிய மருந்து பில்களும், தொற்று இருக்கும்போது தேதியோடு எடுத்த படங்களும், மடிப்பு பிறப்புறுப்பை மறைக்கிறதா, தொடை வரை வருகிறதா என்று தரம் குறித்த சர்ஜனின் குறிப்பும் வேண்டும். இவற்றை ஆபரேஷன் முடிவான பிறகு தேட முடியாது. முதல் தொற்றிலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். அனுமதிக்கு அட்மிஷனுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும், ஏனென்றால் மறுத்தால் குறைதீர்ப்பாளரிடம் போக அந்தக் கடிதம்தான் முதல் ஆவணம்.